எல்லோர் பெயரும் ஒரே இடத்தில்: ஒகினாவா நினைவுச் சுவர், ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு

ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒகினாவாவில் 1945-இல் சுமார் மூன்று மாதம் தரைப்போர் நடந்தது. அதில் இறந்தவர்கள் எல்லோருடைய பெயரையும், எந்த நாட்டவர், எந்தப் படை, படையாளா பொதுமக்களா என்று பார்க்காமல், ஒரே வளாகத்தில் கல்லில் பொறிப்பது என்று ஒகினாவா மாகாண அரசு 1990களின் தொடக்கத்தில் முடிவெடுத்தது. ஒகினாவாவில் அந்தப் போர் ஓய்ந்த நாளாக நினைவுகூரப்படுவது ஜூன் 23. 1995-இல் அதே நாளில், தீவின் தெற்கு முனையில் உள்ள மாபுனி குன்றின் கீழே, கடலைப் பார்த்தபடி அந்தச் சுவர் திறக்கப்பட்டது. அதன் பெயர் ஹெய்வா நோ இஷிஜி. அமைதியின் மூலைக்கல் என்று சொல்லலாம்.

சண்டையிட்ட இரு தரப்புக்கும் சேர்த்து அழுவது நல்ல காரியம் என்பதில் பலருக்கும் மறுப்பு இருக்காது. அதை நடைமுறையில் செய்யப் போனால் என்னென்ன கேள்விகள் வருகின்றன, யார் சம்மதிக்கிறார்கள், யார் மறுக்கிறார்கள், மறுப்பவர்கள் பக்கம் என்ன நியாயம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது. குடும்பங்கள் எவரையும் இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பொது வாழ்வில் இருந்தவர்கள் சிலரின் பெயர் மட்டும் வரும்.

பின்னணி: 1945

ஒகினாவா முன்பு ரியூக்யூ என்ற தனி அரசு. 1879-இல் ஜப்பான் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. தீவு மக்களுக்குத் தனி மொழி, தனி வழிபாடு. பெருநிலத்து ஜப்பானியர் பலர் அவர்களை ஒரு படி கீழாகவே பார்த்தார்கள். இந்த விவரம் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் தேவை.

1945 மார்ச் 26 அன்று அமெரிக்கப் படை கெராமா தீவுகளில் இறங்கியது. ஏப்ரல் 1-இல் பெரிய தீவில். எதிர்கொண்டது ஜப்பானின் 32-ஆம் படை. அந்தப் படைக்கு இடப்பட்ட வேலை ஒகினாவா மக்களைக் காப்பது என்று யாரும் சொல்ல முடியாது. பெருநிலத்தின் மீதான படையெடுப்பை எவ்வளவு நாள் தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நாள் எதிரியை இங்கே கட்டிப்போடுவதுதான் திட்டம். மே மாதக் கடைசியில் ஷூரி கோட்டைக்கு அடியில் இருந்த தலைமையகத்தைக் கைவிட்டு, படை தெற்கு முனைக்குப் பின்வாங்கியது. அங்கே ஏற்கெனவே பல்லாயிரம் அகதிகள் சுண்ணாம்புக் குகைகளில் பதுங்கியிருந்தார்கள். படையும் மக்களும் ஒரே குகைகளுக்குள் வந்து சேர்ந்தபோது ஜூன் மாதச் சாவுகள் தொடங்கின.

கப்பல்களிலிருந்து குண்டு மழை. குகை வாயில்களில் தீப்பீய்ச்சிகள், வெடிகள். இது அமெரிக்கப் பக்கம். இன்னொரு பக்கம், ஜப்பானிய வீரர்கள் அகதிகளைக் குகையை விட்டு வெளியே துரத்தினார்கள், உணவைப் பறித்தார்கள். அழும் குழந்தையால் இடம் தெரிந்துவிடும் என்று குழந்தைகளைக் கொன்றதாகவும் கொல்லச் சொன்னதாகவும் உயிர் பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஒகினாவா மொழியில் பேசுபவரை ஒற்றர் எனக் கருதித் தண்டிக்கும்படி படை உத்தரவே போட்டது. கெராமாவிலும் வேறு இடங்களிலும் எதிரியிடம் பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று சொல்லிவைத்து, கையெறிகுண்டுகளைக் கொடுத்து, குடும்பம் குடும்பமாகச் சாக வைத்தார்கள். குமே தீவில் ஒரு கடற்படைப் பிரிவு ஒற்றர் என்ற சந்தேகத்தில் 20 பேரைக் கொன்றது. அதில் ஒரு கொரியரும் ஒகினாவா மனைவியும் அவர்களுடைய பிள்ளைகளுமாக ஏழு பேர் கொல்லப்பட்டது ஆகஸ்ட் 20 அன்று. ஜப்பான் சரணடைவதாகப் பேரரசர் வானொலியில் அறிவித்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

மாகாண அரசின் கணக்குப்படி மொத்தச் சாவு 2,00,656. அமெரிக்கர் 12,520. பிற மாகாணங்களிலிருந்து வந்த ஜப்பானிய வீரர்கள் 65,908. ஒகினாவாக்காரர்களில் படையில் இருந்தவர்களும் படைக்கு வேலை செய்தவர்களும் 28,228, பொதுமக்கள் மதிப்பீடாக 94,000. தீவில் நாலில் ஒருவர் இறந்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தக் கணக்கில் கொரியர்களுக்கு ஒரு வரிசை கூடக் கிடையாது. வேலைக்கென்று கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கொரிய ஆண்கள், படையினரின் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட கொரியப் பெண்கள் எத்தனை பேர் அங்கே செத்தார்கள் என்பதற்கு மதிப்பீடுகள்தான் உண்டு. ஆயிரக்கணக்கில் தொடங்கி, பத்தாயிரத்தைத் தாண்டிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இரு தரப்பு என்கிறோமே, ஒகினாவாவில் எந்த இரண்டு? தன் நாட்டுப் படையும் கொன்றது, எதிரிப் படையும் கொன்றது என்ற நிலையில் இருந்தவர்கள் பெரும்பான்மை.

முன்பு இருந்த நினைவிடங்கள்

போர் முடிந்ததும் மாவாஷி என்ற ஊர்க்காரர்களை அமெரிக்கப் படை தெற்கே கொமேசுவில் குடியமர்த்தியது. அவர்களுடைய சொந்த நிலம் படையின் கையில் இருந்தது. புதிய இடத்தில் உழப் போனால் எங்கு பார்த்தாலும் எலும்பு. ஊர்த்தலைவர் தன் இரண்டு மகள்களை மாணவிச் செவிலியர் படையில் இழந்தவர். எலும்புகளைச் சேகரித்து ஒரே குழியில் வைக்கிறோம் என்று அமெரிக்கப் படையிடம் கேட்டார். முதலில் மறுத்தார்கள், பிறகு விட்டார்கள். 1946 தொடக்கத்தில் சுமார் 35,000 பேரின் எலும்புகள் அங்கே சேர்ந்தன. யாருடைய எலும்பு என்று பார்க்க வழியும் இல்லை, ஊரார் பார்க்கவும் இல்லை. கொன்பாக்கு நினைவுத் தூண் என்று அதற்குப் பெயர். அரசு ஆணையோ கொள்கையோ இல்லாமல் ஊர்மக்களே கட்டிய முதல் பொது நினைவிடம் அது. 1995-இன் சுவர் இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

நடுவில் போக்கு மாறியது. ஒகினாவா 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. 1960களில் ஜப்பானின் மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாக வந்து மாபுனி குன்றில் தத்தம் வீரர்களுக்கு நினைவுத்தூண் எழுப்பின. அவற்றில் பல தங்கள் மண்ணின் மைந்தர்கள் நாட்டுக்காக வீரமாகப் போரிட்டதைப் பாடுபவை. அதே இடத்தில் செத்த ஒகினாவா மக்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாதவை அவற்றில் நிறைய. குன்றின் உச்சியில் 32-ஆம் படையின் தளபதி உஷிஜிமாவுக்கும் அவருடைய துணைத் தலைவருக்கும் ஒரு தூண். கொரியர்களுக்கு 1975-இல் ஒரு தனி நினைவிடம் வந்தது.

இன்னொரு சிக்கல் பணம் சார்ந்தது. 1952-இல் ஜப்பானிய அரசு கொண்டுவந்த உதவிச் சட்டம் படையினருக்கும் படைக்கு வேலை செய்தவர்களுக்கும் ஆனது. பின்னால் அதை ஒகினாவாப் பொதுமக்களுக்கும் நீட்டினார்கள், ஒரு நிபந்தனையோடு: இறந்தவர் படைக்கு ஒத்துழைத்தவர் என்று காட்ட வேண்டும். வீரர்கள் குகையிலிருந்து துரத்தியதால் குண்டுக்குப் பலியான ஒருவரின் குடும்பம், அவர் குகையைப் படைக்கு விட்டுக்கொடுத்தார் என்று விண்ணப்பத்தில் எழுதினால்தான் உதவித்தொகை கிடைக்கும். எழுதினார்கள். வறுமையில் வேறு வழி இல்லை. அப்படி ஏற்கப்பட்டவர்களின் பெயர்கள் டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் நாட்டுக்காக உயிர் துறந்தவர்களின் பட்டியலிலும் சேர்ந்தன, குழந்தைகள் உட்பட. துரத்தப்பட்டுச் செத்தவர் காகிதத்தில் தியாகியானார்.

எடுக்கப்பட்ட முடிவுகள்: 1990–1995

1990 இறுதியில் ஓதா மசாஹிதே ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாணவராக இருந்தபோது மாணவர் படையில் சேர்க்கப்பட்டு, மாபுனி பக்கத்தில் உயிர் தப்பியவர். பின்னாளில் பேராசிரியர். போரின் 50-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு நினைவிடம் என்று அவருடைய நிர்வாகம் திட்டமிட்டபோது முதல் முடிவு, இறந்த எல்லோரும் என்பது. வாஷிங்டனில் 1982-இல் திறந்த வியட்நாம் போர்ச் சுவரில் 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கப் பெயர்கள் உண்டு, ஒரு வியட்நாமியர் பெயரும் கிடையாது. போர் நினைவிடங்களின் வழக்கமே அதுதான். ஒகினாவா அந்த வழக்கத்தை உடைக்கத் தீர்மானித்தது.

எல்லோரும் என்று சொன்னவுடன் அடுத்த கேள்வி வரும்: யார் யார், எப்போதிலிருந்து? பிற மாகாணத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் ஒகினாவாப் போரில் இறந்திருக்க வேண்டும் என்ற வரம்பு வைத்தார்கள். ஒகினாவாக்காரர்களுக்கு மட்டும் 1931-இல் மஞ்சூரியாவில் தொடங்கிய போரிலிருந்து கணக்கு, எங்கே இறந்திருந்தாலும் சரி. இதனால் சீனாவிலோ தென்கடல் தீவுகளிலோ செத்த ஒகினாவா வீரர், ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பலியானவர், 1944 ஆகஸ்டில் பிள்ளைகளை ஏற்றிச் சென்று அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட சுஷிமா மாரு கப்பலில் இருந்தவர்கள், யாயெயாமா தீவுகளில் படையின் உத்தரவால் மலேரியாக் காட்டுக்குள் தள்ளப்பட்டுக் காய்ச்சலில் செத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லோரும் உள்ளே வந்தார்கள். தேதியைப் பின்னுக்குத் தள்ளியதில் ஓர் அரசியல் தெளிவு இருக்கிறது. போர் 1945-இல் கடலிலிருந்து வந்து இறங்கவில்லை, 1931-இலேயே ஜப்பான் அதைத் தொடங்கிவிட்டது என்று அந்தத் தேதி சொல்கிறது. ஆனால் இந்தத் தெளிவு விதிமுறையில்தான் இருக்கிறது. சுவரைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்த முடிவு, பதவி எதுவும் பொறிப்பதில்லை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு எழுத்து. ஒகினாவாக்காரர்கள் ஊர்வாரியாக, ஊருக்குள் குடியிருப்புவாரியாக. பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்லிலும் பக்கத்தில். மற்ற ஜப்பானியர் மாகாணவாரியாக. வெளிநாட்டவர் நாடுவாரியாக, அவரவர் எழுத்தில்: அமெரிக்கர், பிரிட்டிஷார் ஆங்கில எழுத்தில், கொரியர் கொரிய எழுத்தில். கொரியர்கள் வடக்கு, தெற்கு என்று தனித்தனி. அவர்கள் செத்தபோது அப்படி இரண்டு நாடு இருக்கவில்லை.

பெயர் திரட்டுவதுதான் பெரிய வேலை. குடும்பப் பதிவேடுகள் போரில் எரிந்துவிட்டன. சில வீடுகளில் ஒருவர்கூட மிச்சமில்லாததால் கேட்டு எழுத ஆளில்லை. மாகாணமும் நகராட்சிகளும் ஊர் ஊராக, வீடு வீடாக ஆள் அனுப்பின. எதிர்வீட்டில் யார் இருந்தார்கள், எத்தனை பிள்ளைகள் என்று வயதானவர்களிடம் கேட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். பிறந்து பெயர் வைப்பதற்குள் இறந்த குழந்தைகளை இன்னாரின் குழந்தை, இன்னாரின் மூத்த மகன், இன்னாரின் இரண்டாம் மகள் என்று பொறித்தார்கள். கல்லில் இப்படி எழுதலாமா என்று ஒரு அலுவலகம் தயங்கியிருந்தால் அந்தப் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வந்திருக்கமாட்டார்கள். முழுத் திட்டத்திலும் எனக்கு மிகச் சரியாகப் படும் முடிவு இதுதான்.

கடைசியாக, பட்டியலை மூடுவதில்லை என்று முடிவானது. விண்ணப்பம் வந்தால் சரிபார்த்து ஆண்டுதோறும் சேர்க்கலாம்.

திறப்பும் அதன் பிறகு கண்டதும்

1995 ஜூன் 23-இல் திறந்தபோது 2 லட்சத்து 34 ஆயிரம் பெயர்கள் இருந்தன. கருங்கல் பலகைகள் மடிப்புத் திரை போல வளைந்து வளைந்து கடலை நோக்கிப் போகும். நடுப்பாதை, ஜூன் 23 அன்று சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து அமைந்தது. பாதை முடிவில் ஒரு தீபம். அமெரிக்கப் படை முதலில் இறங்கிய தீவிலிருந்தும் ஹிரோஷிமா, நாகசாகியிலிருந்தும் எடுத்த நெருப்பைச் சேர்த்து ஏற்றியது.

திட்டமிட்டவர்கள் ஒரு நினைவுச் சின்னத்தைக் கட்டினார்கள். வந்த குடும்பங்கள் அதைக் கல்லறையாக எடுத்துக்கொண்டன. ஒகினாவாவில் குடும்பக் கல்லறைக்குப் போய், உணவு வைத்து, முன்னோரோடு உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் உண்டு. எலும்பு கிடைக்காதவர்களுக்கு அந்த வழக்கத்தைச் செய்ய இடமே இல்லாதிருந்தது. ஜூன் 23-இல் விடியும் முன்பே வயதானவர்கள் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள். பெயரைத் தேடி விரலால் தடவுகிறார்கள். தண்ணீர் ஊற்றித் துடைக்கிறார்கள். பூ, பழம், தேநீர், அவாமோரிச் சாராயம் எல்லாம் வைக்கிறார்கள். பிள்ளை பெயருக்கு முன்னால் இனிப்பு. பெயரைப் பார்த்துப் பேசுகிறார்கள், சிலர் அதட்டவும் செய்கிறார்கள். அமெரிக்க முன்னாள் வீரர்களும் வந்தார்கள், கூட இருந்தவன் பெயரைக் காகிதத்தில் தேய்த்து எடுத்துப் போனார்கள். சில வரிசை தள்ளி ஒகினாவாக் கிழவி ஒருத்தி அரிசி உருண்டை வைத்துக்கொண்டிருப்பாள். பெரும்பாலும் இவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று யாரும் ஏற்பாடும் செய்யவில்லை.

இதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரு தரப்புத் துக்கம் என்றவுடன் கட்டிப்பிடித்து அழும் காட்சியை எதிர்பார்க்கிறோம். ஒருவர் அழும் இடத்தில் இன்னொருவரும் அழ உரிமை உண்டு என்று ஏற்பது மட்டுமே போதுமானதாக இருக்கலாம். அதற்குமேல் கேட்பது பல சமயம் பாதிக்கப்பட்டவர் தலையில் இன்னொரு கடமையைச் சுமத்துவதாக முடியும்.

வெறுமையாக நிற்கும் பலகைகள்

திறப்பு நாளில் கொரியப் பெயர்கள் 133: வடக்குக்கு 82, தெற்குக்கு 51. நிறையப் பெயர் வரும் என்று நிறையக் கல் வைத்திருந்தார்கள். அவற்றின் பெரும்பகுதி இன்றும் வெறுங்கல்லாகவே நிற்கிறது.

ஒரு காரணம் ஆவணம். 1940 முதல் கொரியர்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளும்படி நெருக்கப்பட்டார்கள். படைப் பட்டியலில் இருப்பது அந்தப் பெயர். அதை வைத்துக் கொரியக் கிராமத்தில் குடும்பத்தைத் தேடுவது சுலபமில்லை. மாகாண அரசின் வேண்டுகோளில் தென்கொரியப் பேராசிரியர் ஒருவர் பட்டியலோடு ஊர் ஊராகப் போய்ப் பல குடும்பங்களைக் கண்டுபிடித்தார். தெற்கின் எண்ணிக்கை பிறகு கூடியது அப்படித்தான். ஆனாலும் இன்றுவரை அது 400-ஐ எட்டவில்லை.

மற்றக் காரணம் மறுப்பு. கண்டுபிடித்த குடும்பங்களில் சில, பெயர் வேண்டாம் என்றன. எங்கள் வீட்டுப் பையனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் பெயரோடு அவன் பெயரை வைப்பது பரம்பரைக்கே அவமானம் என்றார்கள். மன்னிப்பும் இழப்பீடும் எங்கே என்று கேட்டவர்களும் உண்டு. ஜப்பான் படையில் இருந்தவன் என்று ஊருக்குத் தெரிந்தால் காட்டிக்கொடுத்தவன் வீடு என்பார்கள் என்ற பயமும் சிலருக்கு. பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களில் பெரும்பாலோரின் உண்மைப் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. தெரிந்தாலும் எந்தக் குடும்பம் கல்லில் எழுதச் சொல்லும்?

மாகாண அரசு குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் கொரியப் பெயரைப் பொறிக்கவில்லை. சரியான முடிவு. ஒகினாவாக்காரரும் அமெரிக்கரும் ஜப்பானியரும் ஒரே சுவரில் நிற்க முடிவதற்குக் காரணம், அவரவர் குடும்பத்துக்கு அந்தச் சாவைச் சொல்லிக்கொள்ள ஏதோ ஒரு கதை இருக்கிறது: காப்பாற்றப் போனான், கடமைக்குப் போனான், ஓட வழியில்லாமல் செத்தாள். கொரியக் குடும்பத்துக்கு அவன் அங்கே இருந்ததே குற்றத்தின் விளைவு. அந்தக் குற்றத்துக்கு ஒருவரும் முழுப் பொறுப்பேற்காதபோது, சேர்ந்து அழலாம் வா என்ற அழைப்பு, கேள்வியை மூடிவிடு என்பதாகத்தான் அவர்கள் காதில் விழும். அந்தக் குடும்பங்களைப் பிடிவாதக்காரர்கள் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தளபதியின் பெயர்

ஒகினாவாவுக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பு வேறு. உஷிஜிமாவின் பெயரும் சுவரில் இருக்கிறது, அவருடைய சொந்த மாகாணமான ககோஷிமாவின் வரிசையில். தெற்கே பின்வாங்கி மக்களைப் போருக்கு நடுவில் இழுத்துவிட்டவர், கடைசி ஆள் வரை போரிடுங்கள் என்று உத்தரவு விட்டுத் தற்கொலை செய்துகொண்டவர். அவருடைய பெயரும் குகையில் செத்த இன்னாரின் இரண்டாம் மகளும் ஒரே வளாகத்தில் எப்படி? கொன்றவரையும் கொல்லப்பட்டவரையும் ஒன்றாக்கினால் பொறுப்பு கரைந்துபோகாதா? ஆய்வாளர்கள், போர்ச் சாட்சிகள் எனப் பலர் இதைக் கேட்டார்கள்.

நீக்கியிருக்கலாம். நீக்கினால் யார் வரை நீக்குவது? அகதியைக் குகையிலிருந்து துரத்திய சிப்பாய்? கையெறிகுண்டைப் பங்கிட்ட ஊர் அதிகாரி? அவர்களில் பலர் அடுத்த நாளே செத்தவர்கள். மேலும், குமே தீவில் 20 பேரைக் கொல்ல உத்தரவிட்ட அதிகாரி உயிரோடு திரும்பினார், 1972-இல் பேட்டி கொடுத்தபோதும் வருந்தவில்லை. அவர் பெயர் சுவரில் வர வழியே இல்லை, ஏனென்றால் அவர் போரில் சாகவில்லை. ஆக, சுவரில் இருப்பதை வைத்துக் குற்றத்தை எடைபோட முடியாது. அந்த வேலைக்கு அது பொருத்தமான கருவி இல்லை.

அப்படியென்றால் பொறுப்பைச் சொல்லும் வேலை வேறு எங்காவது நடக்க வேண்டும். வளாகத்தை ஒட்டியே மாகாண அமைதி அருங்காட்சியகம் இருக்கிறது. சுவர் இறந்தவர் யார் என்று சொல்லும், எப்படி, யாரால் என்பதை அருங்காட்சியகம் சொல்லும். இந்த ஏற்பாடு நிற்கும்வரை தளபதியின் பெயரைச் சுவரில் பொறுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைக்கிறேன்.

1999: ஏற்பாடு ஆட்டம் கண்டது

ஓதா 1998 தேர்தலில் தோற்றார். புதிய நிர்வாகத்தின் காலத்தில் அருங்காட்சியகத்துக்குப் புதுக் கட்டடம் தயாராகிக்கொண்டிருந்தது. குகைக் காட்சி ஒன்றில், பதுங்கியிருக்கும் தாயையும் குழந்தையையும் நோக்கி ஜப்பானிய வீரர் துப்பாக்கி நீட்டுவதாகத் திட்டம். 1999-இல் கண்காணிப்புக் குழுவுக்குத் தெரியாமல் அந்த வீரர் கையிலிருந்து துப்பாக்கி எடுக்கப்பட்டது. காயம்பட்ட வீரர்களுக்கு நஞ்சு கலந்த பால் கொடுக்கும் காட்சியிலும் கை வைத்தார்கள். உள்ளூர் செய்தித்தாள்கள் ஆகஸ்டில் இதை வெளியே கொண்டுவந்தன. எதிர்ப்பு பலமாக இருந்ததால் மாற்றங்கள் கைவிடப்பட்டு, துப்பாக்கி திரும்பக் காட்சிக்கு வந்தது. 2000-இல் அருங்காட்சியகம் திறந்தது.

சுவரைத் தொடாமலேயே சுவரின் பொருளை மாற்றிவிட முடியும் என்று அந்தச் சில மாதங்கள் காட்டின. பக்கத்துக் கட்டடத்தில் துப்பாக்கியை எடுத்துவிட்டால், வெளியே உள்ள பெயர்கள் எல்லாம் ஏதோ புயலில் செத்தவர்களின் பட்டியலாகிவிடும்.

அப்புறம் நடந்தவை

சுவர் திறந்து மூன்று மாதத்தில், 1995 செப்டம்பரில், மூன்று அமெரிக்கப் படையினர் ஒரு பள்ளிச் சிறுமியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அக்டோபரில் நடந்த கண்டனக் கூட்டத்தில் 85,000 பேர் திரண்டதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம் உள்ள ஒகினாவாவில்தான் அமெரிக்கப் படை தனக்கென வைத்திருக்கும் தளங்களில் சுமார் 70 சதவீதம் இருக்கிறது. 2000 ஜூலை 21 அன்று அதிபர் கிளின்டன் சுவருக்கு முன் நின்று, இங்கே இரு தரப்பினரும் எந்தத் தரப்பிலும் சேராதவர்களும் நினைக்கப்படுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். நல்ல பேச்சு. முந்தைய நாள்தான் கடேனா விமானத் தளத்தைச் சுற்றி சுமார் 27,000 பேர் கைகோத்து நின்றிருந்தார்கள்.

2007-இல் கல்வி அமைச்சகம், கூட்டுத் தற்கொலைகளில் படையின் பங்கைப் பள்ளிப் பாடநூல்களிலிருந்து மங்கலாக்கச் சொன்னது. செப்டம்பர் 29-இல் ஒகினாவாவில் பெருந்திரள் கூடியது. 2020-இல் ஹெனோகோவில் புதிய அமெரிக்கத் தளத்துக்காகக் கடலை நிரப்ப, எலும்புகள் இன்னும் கிடைக்கும் தெற்குப் பகுதி மண்ணையும் எடுக்கலாம் என்று அரசுத் திட்டத்தில் வந்தது. பல பத்தாண்டுகளாக எலும்பு தேடி எடுத்துவரும் ஒருவர் 2021 மார்ச்சில் மாகாண அலுவலகத்துக்கு முன் உண்ணாவிரதம் இருந்தார். அந்த மண்ணில் கிடப்பது ஒகினாவா மக்களின் எலும்பு மட்டுமா, ஜப்பானிய, அமெரிக்க வீரர்களின் எலும்பும்தானே என்பது எதிர்ப்பாளர்கள் வைத்த வாதம். பெயர்களை ஒன்றாகப் பொறித்து கால் நூற்றாண்டு ஆனபின், அந்தப் பழக்கம் ஒரு வாதமாக உருவெடுத்து உதவியது.

பெயர்கள் இன்று 2 லட்சத்து 42 ஆயிரத்துக்கு மேல். 2022 முதல் ஜூன் மாதத்தில் தன்னார்வலர்கள் எல்லாப் பெயர்களையும் முறைவைத்து வாய்விட்டு வாசிக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து இணையவழியிலும் சேருகிறார்கள். முடிக்கப் பல நாள் ஆகும். பள்ளிப் பிள்ளைகள் இன்னாரின் குழந்தை என்று வாசிக்கும் இடத்தில் தடுமாறுவதாகக் கேள்வி.

மீண்டும் செய்தால் எதை மாற்றலாம்

எல்லோர் பெயரும் என்ற அடிப்படை முடிவை மாற்றத் தேவையில்லை. சம்மதம் கேட்டதும், பட்டியலைத் திறந்து வைத்ததும், பெயரில்லாத பிள்ளைகளைச் சேர்த்ததும் அப்படியே இருக்கட்டும். வேறு இடத்தில் இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்கள் அருங்காட்சியகத்தின் உள்ளடக்கத்தை ஆளும் நிர்வாகத்தின் கைக்கு எட்டாதபடி சட்டப்படி தனிக் குழுவிடம் முதலிலேயே ஒப்படைக்க வேண்டும். ஒகினாவாவில் செய்தித்தாள்கள் விழிப்பாக இருந்ததால் தப்பியது. எல்லா ஊரிலும் அப்படி அமையாது.

1931 என்ற தேதியையும் அதற்கான காரணத்தையும் சுவரின் நுழைவிலேயே பெரிதாக எழுதியிருக்கலாம். விதிமுறைப் புத்தகத்தில் இருப்பதை யார் படிக்கப் போகிறார்கள்?

கொரியப் பலகைகளுக்கு அதைவிட அவசரம். அங்கே வெறுமை ஏன் என்று வருபவருக்குத் தெரிவதில்லை. இன்னும் வேலை முடியவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். இவர்கள் எப்படிக் கொண்டுவரப்பட்டார்கள், பெயர்கள் ஏன் கிடைக்கவில்லை, சில குடும்பங்கள் ஏன் மறுத்தன, பெண்கள் ஏன் இல்லை என்பதைக் கொரியத்திலும் ஜப்பானியத்திலும் அந்தக் கல்லுக்கு முன்னாலேயே எழுதிவைக்கலாம். வாசகத்தை மறுத்த குடும்பங்களிடமே கேட்டு எழுதுவது நல்லது. அந்தக் குடும்பங்கள் ஏற்கும்படி டோக்கியோ மன்னிப்புக் கேட்கும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வளாகம் மாகாண அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது.